டெத் வேலியில் அரை டன் குளிர்

காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லர்களில் ஆகச் சிறியது, அமெரிக்கர்கள் ‘டியர்டிராப்’ என்று சொல்லும் கண்ணீர்த்துளி வண்டி. 1930-களில் வீட்டுப் பட்டறைகளில் பிறந்தது. மரக்கடையில் விற்கும் பிளைவுட் பலகை நான்கடிக்கு எட்டடி. வண்டியின் அளவும் பெரும்பாலும் அதேதான். உள்ளே இரண்டு பேருக்கு ஒரு மெத்தை. உட்காரலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரமும் வைக்க ஒரு மேடை. அதற்கு அடுத்த அளவு, 13 அடி நீள ஃபைபர்கிளாஸ் வண்டி. இதில் தலை இடிக்காமல் நிற்கலாம், ஒரு மேசையும் உண்டு. இரண்டுமே கோடையில் ஒரே குணம் கொண்டவை: மெல்லிய சுவர், சிறிய ஜன்னல், வெயிலில் நிறுத்திய அரை மணியில் உள்ளே அடுப்பு.

இந்த வண்டிகளுக்கு ஏசி எந்த அளவில் வேண்டும், அதை எப்படி ஓட்டுவது என்பதைச் சோதித்துப் பார்க்க, கலிபோர்னியாவில் பேக்கர் என்ற ஊரிலிருந்து வடக்கே டெத் வேலிக்குப் போகும் சாலையைவிடக் கடுமையான இடம் கிடைக்காது. பேக்கர், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ் போகும் 15-ஆம் எண் நெடுஞ்சாலையில், மொஹாவி பாலைவனத்தின் நடுவே பெட்ரோல் போட நிற்கும் சிற்றூர். அங்கே 1991-இல் எழுப்பிய ஒரு வெப்பமானிக் கோபுரம் நிற்கிறது. உயரம் 134 அடி. 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, டிகிரிக்கு ஓர் அடி வீதம் கட்டியிருக்கிறார்கள். செல்சியஸில் அது 56.7. பெட்ரோல் பங்க்கில் நிற்பவர்கள் அண்ணாந்து எண்ணைப் படித்துவிட்டு, பின்னால் நிற்கும் டிரெய்லரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் ஏசியின் திறனை பி.டி.யூ. கணக்கில் சொல்கிறார்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. டிரெய்லர்களின் கூரைக்கென்று விற்கும் ஏசிகளில் வழக்கமான அளவுகள் 13,500, 15,000. அதாவது ஒரு டன்னுக்கும் மேல். ஒரு படுக்கையறைக்குப் போதுமான குளிரை ஒரு கட்டிலளவு பெட்டிக்குள் இறக்குவது வீண் செலவு. கண்ணீர்த்துளி வண்டிக்கு அது எவ்வளவு அதிகம் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். நான்கடிக்கு எட்டடித் தரை, நான்கடி உயரம். ஆறு பக்கமும் சேர்த்து 160 சதுர அடி. சுவரில் ஓர் அங்குல நுரைப்பலகை வைத்திருந்தால், வெளியே உள்ளேயைவிட 17 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கும்போது சுவர் வழியே நுழையும் வெப்பம் மணிக்குச் சுமார் 1,000 பி.டி.யூ. படுத்திருக்கும் இரண்டு உடம்புகள் விடும் சூடு 700-ஐத் தொடாது. கூரையில் விழும் வெயிலுக்கும் கதவிடுக்குக் கசிவுக்கும் தாராளமாக இன்னும் 1,500 சேர்த்தாலும் கணக்கு 3,500-ஐத் தாண்டாது. சந்தையில் கிடைக்கும் ஆகச் சிறிய ஜன்னல் ஏசியே 5,000 பி.டி.யூ.; அரை டன்னுக்கும் குறைவு. அது போதும். ஃபைபர்கிளாஸ் வண்டிக்குக் கதை வேறு. பரப்பு இரு மடங்கு, ஓடு மெலிசு, ஜன்னல்கள் பெரிசு. அதற்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை நியாயமான அளவு.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அட்டையில் அச்சிட்ட திறன், வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நிலையில் அளந்தது. வெளிக்காற்று 45-ஐத் தாண்டும்போது, உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளவே கம்ப்ரசர் திணறும். குளிர் குறையும், இழுக்கும் மின்சாரம் ஏறும். டெத் வேலியில் 5,000 என்பது 4,000 போல வேலை செய்தால் நல்லது என்று வைத்துக்கொள்ள வேண்டும். இருந்தும் 3,500-க்கு அது போதும்.

கூரை ஏசிக்கு இரண்டு நன்மைகள் உண்டு. 14 அங்குலச் சதுரத் துளை எல்லா வண்டிக்கும் பொது என்பதால் பொருத்துவது எளிது. உள்ளே இடத்தை அடைக்காது. ஆனால் எடை 35-லிருந்து 45 கிலோ. ஃபைபர்கிளாஸ் ஓடு சில வருடங்களில் நடுவே பள்ளம் விழ, அந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, துளையின் ரப்பர் வழியே சொட்டும். உள்ளே வளைவாக ஒரு சட்டம் கொடுத்துத் தாங்கவில்லை என்றால் கூரை ஏசி வேண்டாம். சத்தமும் குறையில்லை. நின்றால் தலைக்கு இரண்டடி மேலே கம்ப்ரசர்.

ஜன்னல் ஏசியைச் சிறு வண்டியில் வைப்பவர்கள் செய்யும் தவறு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அதன் முன்பக்கத்தை மட்டும் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பார்கள். குளிர்க்காற்று படுக்கைப் பக்கம் வரும்படி பின் அலமாரிக்குள் பெட்டியைச் செருகிவிட்டு, அதன் முதுகு எங்கே மூச்சு விடும் என்று யோசிக்க மறந்துவிடுவார்கள். ஜன்னல் ஏசியின் வெளிப்பாதியில் இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. பக்கவாட்டுக் கிராதி வழியே காற்றை உறிஞ்சும். பின்பக்கச் சுருள் வழியே சூடாக ஊதும். அலமாரிக்குள் இரண்டும் கலந்தால், ஊதிய சூட்டையே திரும்ப உறிஞ்சி, இருபது நிமிடத்தில் கம்ப்ரசர் தானாக அணையும். உறிஞ்சும் வழிக்கும் ஊதும் வழிக்கும் நடுவே ஒரு தகடு தடுப்பாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் வண்டிச் சுவரில் தனித்தனித் திறப்பு வேண்டும். செய்து முடித்ததும் ஊதும் பக்கம் கையை வைத்துப் பார்த்தால் சூடு சுளீரென்று தெரிய வேண்டும், உறிஞ்சும் பக்கம் வெளிக்காற்றின் சூடு மட்டுமே இருக்க வேண்டும்.

தண்ணீர் இன்னொரு சங்கதி. உள்ளிருந்து பிரியும் ஈரம் பெட்டியின் அடித்தட்டில் சேரும். பல ஜன்னல் ஏசிகளில் பின்விசிறியின் விளிம்பில் ஒரு வளையம் இருக்கும். அது அந்தத் தண்ணீரைத் துழாவிச் சூடான சுருள்மேல் தெளிக்கும். ‘சளசள’ என்ற சத்தம் அதுதான், பழுது இல்லை. பெட்டி வெளிப்பக்கம் சற்றே சரிந்திருந்தால்தான் இது நடக்கும். வீட்டு ஜன்னலில் ஒருமுறை சரித்துவிட்டால் முடிந்தது. டிரெய்லரில் அந்தச் சரிவு ஒவ்வொரு நாள் முகாமிலும் மாறும். மூக்குப்பக்கத்து ஜாக்கைக் கூடவோ குறையவோ திருகியிருந்தால் தண்ணீர் மெத்தைக்கு வரும். சமமட்டம் பார்க்கும் சின்னக் குமிழிக் குழாய் ஒன்றை ஏசிமேலேயே ஒட்டிவைப்பது பழகியவர்களின் வழக்கம்.

கடையில் சக்கரம் வைத்து நிற்கும், ஒற்றைக் குழாயை ஜன்னலில் மாட்டும் ஏசி பார்க்க வசதி. சிறு வண்டிக்கு மோசமான தேர்வு. அறைக்காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுவதால், தள்ளிய அளவுக்கு வெளிச்சூடு ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் உள்ளே நுழையும். இரட்டைக் குழாய் வகை தேவலாம். பேட்டரியில் நேராக ஓடும் 12 வோல்ட், 24 வோல்ட் ஏசிகள் லாரி ஓட்டுநர்களின் படுக்கையறையிலிருந்து வந்தவை. லாரி எஞ்சினை ஐந்து நிமிடத்துக்குமேல் சும்மா ஓடவிடக் கூடாது என்று கலிபோர்னியா விதி செய்திருக்கிறது. எஞ்சின் அணைந்த பிறகும் ஓட்டுநர் தூங்க வேண்டுமே என்று இத்தகைய ஏசிகள் பரவின. நன்றாக உழைக்கும். விலைதான் ஜன்னல் ஏசியைப்போலப் பல மடங்கு.

பேக்கரிலிருந்து 127-ஆம் எண் சாலை வடக்கே போகிறது. சுமார் 90 கிலோமீட்டரில் ஷோஷோன். வழியில் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இந்தத் தூரத்தில் காருக்குள் குளிர் இருக்கும், பின்னால் வரும் டிரெய்லருக்குள் இருக்காது. மெத்தை, பலகை, பாத்திரம், தண்ணீர்க் கேன் எல்லாம் சூட்டைக் குடித்துக்கொண்டே வரும். ஜன்னல்களின் உட்பக்கம் வெள்ளித்தாள் பூசிய குமிழித்தாளை அளவாக வெட்டிச் செருகிவிட்டுக் கிளம்பினால், போய்ச் சேரும்போது வித்தியாசம் தெரியும். ஏசிக்குச் செலவிடும் பணத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆகாத காரியம் இது, ஆனாலும் பலர் செய்வதில்லை.

ஷோஷோனுக்கு வடக்கே டெத் வேலி ஜங்ஷன். கைவிட்ட சுரங்கக் கம்பெனி ஊர். நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்த நடனக்கலைஞர் மார்த்தா பெக்கெட், 1967-இல் கணவரோடு டெத் வேலியில் முகாமிட்டிருந்தபோது டிரெய்லர் டயர் பஞ்சரானது. ஒட்டுப்போட இங்கே வந்தவர் பாழடைந்த மண்டபத்தைக் கதவு ஓட்டை வழியே பார்த்து, வாடகைக்கு எடுத்து, அமர்கோசா ஆப்பரா ஹவுஸ் என்று பெயர் வைத்து, பல பத்தாண்டுகள் அங்கேயே ஆடினார். ஆள் வராத இரவுகளுக்காகச் சுவர் முழுக்கப் பார்வையாளர்களை வரைந்துகொண்டார். டிரெய்லர் பயணத்தில் பஞ்சரால் நடந்த நல்ல காரியம் இது ஒன்றாகத்தான் இருக்கும். பாலைவனத் தார் டயரை எப்படிப் பதம் பார்க்கும் என்பது இந்தச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். கூரையில் 40 கிலோ கூடுவது அந்த டயர்மேல்தான் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஜங்ஷனிலிருந்து மேற்கே 190-ஆம் எண் சாலை, சப்ரிஸ்கி பாயின்ட்டின் மஞ்சள் மேடுகளைத் தாண்டி ஃபர்னஸ் கிரீக்கில் இறங்குகிறது. கடல்மட்டத்துக்கு 60 மீட்டர் கீழே. ஜூலையில் பகலின் சராசரி உச்சம் 47 டிகிரி செல்சியஸ். நள்ளிரவு தாண்டியும் 30-க்குக் கீழே இறங்காத இரவுகள் ஏராளம். 2024 ஜூலையில் இரவும் பகலும் சேர்த்த மாதச் சராசரியே 42.5. ஏசி இல்லாமல் இந்த மாதங்களில் இங்கே டிரெய்லரில் தூங்க நினைப்பது வீரமல்ல. ஏசி இருந்தாலும் சிந்திக்க வேண்டும்.

முகாம்களில் மின்சாரம் வருவது இடுப்பளவு உயரப் பெட்டி ஒன்றிலிருந்து. பொதுவாக 120 வோல்ட்டில் 30 ஆம்ப். பெருக்கினால் 3,600 வாட். ஆனால் மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு 80 சதவீதம்தான் கணக்கு; 24 ஆம்ப். 13,500 பி.டி.யூ. ஏசி 13 ஆம்புக்கு மேல் இழுக்கும். அதோடு மைக்ரோவேவில் காபியைச் சூடு பண்ணினால் எல்லையில் நிற்கும். பிரேக்கரும் சூட்டால் விழும் பொருள்தான். மதிய வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பிரேக்கர், எழுதியிருக்கும் அளவுக்கு முன்பே டிரிப் ஆகும். 5,000 பி.டி.யூ. ஏசி இழுப்பது நான்கு, நான்கரை ஆம்ப். சுமார் 450 வாட். சிறு ஏசியின் மதிப்பு மதியம் மூன்று மணிக்கு இங்கே புரியும்.

முகாம் நிறைந்து எல்லா வண்டியிலும் ஏசி ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 105-க்கும் கீழே சரியும். தமிழ்நாட்டு வீடுகளில் ஸ்டெபிலைசர் மாட்டுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்: குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் மோட்டார் அதிக ஆம்ப் இழுத்துக் கருகும். வோல்டேஜைக் காட்டி, எல்லை தாண்டினால் தானே துண்டிக்கும் பெட்டி ஒன்றை இணைப்பில் மாட்டுவது அவசியம். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் அதே கெடுதலை நம் பக்கத்திலிருந்தே செய்யும். வயரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதென்றால் ஏசிக்குப் போக வேண்டிய மின்சாரம் மணலைச் சூடாக்குகிறது என்று பொருள். வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டவே கூடாது.

வந்து சேர்ந்ததும் ஏசியைப் போடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை கதவுகளைத் திறந்து, கூரை விசிறியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளே அடைந்திருக்கும் 60 டிகிரிக் காற்றைத் துரத்துவது. பெரிய ஜன்னல் மேற்கே பார்க்காதபடி வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். ஏசியின் முதுகு வெயிலில் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. துணிப்பந்தல் போடுகிறவர்கள் ஆட்களுக்கு நிழல் கொடுத்துவிட்டு ஏசியை வெயிலில் விட்டுவிடுகிறார்கள். மெத்தையும் பலகையும் குடித்த சூடு இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே இரவு ஒன்பதுக்கு வந்து போட்டுவிட்டுப் பத்துக்குத் தூங்க முடியாது. தங்கும் நாட்களில் காலை எட்டுக்கே போட்டுவிட்டால் சின்ன ஏசி நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும். அணைத்துவிட்டு உடனே போடக் கூடாது. கம்ப்ரசரின் இரு பக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடம் பிடிக்கும். வடிகட்டித் துணியை இந்த மணலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை உதற வேண்டும். நாயையோ குழந்தையையோ ஏசியை நம்பி உள்ளே விட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது. பிரேக்கர் விழுந்தால் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. சில நிமிடங்களில் வண்டி மறுபடி அடுப்பு.

ஃபர்னஸ் கிரீக் முகாமில் மின்இணைப்புள்ள இடங்கள் சிலவே. மற்றவர்களுக்கு ஜெனரேட்டர் அல்லது பேட்டரி. கைப்பிடி வைத்த 2,000 வாட் ஜெனரேட்டர் சிறு ஜன்னல் ஏசியைச் சுலபமாக இழுக்கும். ஒரு டன் கூரை ஏசியைத் தூக்கிவிட, தொடக்க இழுப்பைத் தணிக்கும் சின்னக் கருவி ஒன்றை ஏசியில் பொருத்த வேண்டியிருக்கும். ஜெனரேட்டர் வண்டியிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அறிவிப்புக் கருவி இல்லாமல் தெரியாது. தேசியப் பூங்காக்களில் இரவு அமைதி நேரத்தில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதியும் இல்லை. ஏசி மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான்.

பேட்டரியின் கணக்கு கொஞ்சம் கசப்பு. 450 வாட் ஏசி எட்டு மணி நேர இரவில் பாதிக்குச் சற்று மேல் ஓடுகிறது என்று வைத்தாலும், இன்வர்ட்டர் நஷ்டத்தோடு இரண்டரை யூனிட் வேண்டும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 யூனிட். ஆக, இரண்டு பேட்டரி. அவற்றை நிரப்ப 200 வாட் சோலார் தகடு வைத்தால் பாலைவனக் கோடையிலும் நாளுக்கு ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் வரும்; யானைப்பசிக்குச் சோளப்பொரி. அதிலும் ஒரு சங்கடம்: இவ்வகைப் பேட்டரிகளில் பல, 45 டிகிரிக்கு மேல் சூடேறினால் சார்ஜ் ஏற்றிக்கொள்ள மறுக்கும். டிரெய்லர் மூக்கிலுள்ள கறுப்புப் பெட்டிக்குள் அவற்றை வைத்தால் வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் சோலார் சும்மா நிற்கும். பேட்டரிக்கும் நிழல் தேட வேண்டும்.

இத்தனை மின்சாரம் இல்லாதவர்களுக்கு இந்த வறண்ட காற்றே ஒரு வழி தருகிறது. ஏர் கூலர், அமெரிக்கர்கள் ‘ஸ்வாம்ப் கூலர்’ என்பார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பதும் எதுவோ அதுவே. ஒரு காலத்தில் இந்தப் பாலைவனத்தைக் கடந்த கார்களின் ஜன்னலில் உருளை வடிவத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஈரப் பஞ்சு, வண்டி ஓடும் வேகத்தில் காற்று அதன் வழியே நுழையும். ஜூன் மாத டெத் வேலியில் காற்றின் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்குவதால், 47 டிகிரிக் காற்று ஈரப் பஞ்சு வழியே வந்தால் 28-ஐ ஒட்டி வெளிவரும். மின்செலவு ஒரு மேசை விசிறி அளவு. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும் என்பது மட்டும் ஏசிக்கு நேர்மாறு. செலவு தண்ணீரில். ஒரு கிலோவாட் குளிருக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர். குழாய் உள்ள முகாமில் சரி. குழாய் இல்லாத இடத்தில் குடிக்கும் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. அரிசோனாவில் ஜூலை, ஆகஸ்ட்டில் பருவமழை ஈரம் வந்ததும் இதே கருவி வண்டியை ஆவிக்கொப்பரையாக்கும். மெக்சிகோ வளைகுடாக் கரையில் எந்த மாதத்திலும் எடுபடாது. அந்தக் கரையில் பெரிய ஏசியும் பிழைதான்: ஐந்து நிமிடத்தில் குளிர்த்துவிட்டு அணைந்துவிடும், ஈரத்தைப் பிழிய நேரம் இருக்காது, போர்வை சில்லிட்டு நசநசக்கும். அங்கேயும் நிறுத்தாமல் ஓடும் சின்ன ஏசிக்கே ஓட்டுப் போட வேண்டும்.

ஃபர்னஸ் கிரீக்கில் பல தலைமுறைகளாக வாழும் திம்பிஷா ஷோஷோன் மக்கள் முன்பு கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கவில்லை. மேற்கே பனமின்ட் மலைக்கு ஏறிவிடுவார்கள், பின்யன் பைன் கொட்டை பொறுக்குவார்கள். அந்தப் பக்கம் போகும் சாலையில் ஸ்டோவ்பைப் வெல்ஸ் தாண்டியதும் ஏற்றம். எஞ்சின் கொதிக்காமல் இருக்கக் காரின் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகள் இப்பகுதி ஏற்றங்களில் உண்டு. இழுவைச் சுமையோடு ஏறுகிறவர்கள் கேட்பது நல்லது. ஜன்னலைத் திறந்தால் முகத்தில் அடுப்புக்காற்று, எஞ்சின் வெப்பமானியின் முள் மட்டும் இறங்கும். அந்த ஏற்றத்தில் பிரியும் எமிக்ரன்ட் கேன்யன் சாலையில் 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. பெரிய டிரெய்லர்கள் இங்கே நின்றுவிடும். காரையும் டிரெய்லரையும் சேர்த்து அளந்து பார்த்துவிட்டே திரும்ப வேண்டும்.

சாலை ஒரு கணவாயைத் தாண்டி வைல்ட்ரோஸ் முகாமில் இறங்குகிறது. உயரம் 1,250 மீட்டர். ஃபர்னஸ் கிரீக்கைவிட ஏழிலிருந்து பன்னிரண்டு டிகிரி குறைவு. மின்பெட்டி இல்லை. ஜெனரேட்டர் கொண்டுவந்தாலும் மெல்லிய காற்றில் அதன் பலம் ஏழில் ஒரு பங்கு குறையும். ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் போன ஒரு மணி நேரத்தில், வெளிக்காற்று உள்ளேயைவிடக் குளிராகிவிடும். அதற்குப் பிறகு 12 வோல்ட் கூரை விசிறி போதும். படுக்கைப்பக்க ஜன்னல் ஒன்றை மட்டும் நான்கு விரல் திறந்து, மற்றவற்றை மூடி, விசிறியை வெளியே ஊதும்படி வைக்க வேண்டும். எல்லா ஜன்னலையும் திறந்தால் காற்று படுக்கைமேல் வராமல் குறுக்கே ஓடிவிடும். இழுப்பது இரண்டு ஆம்ப், சின்னப் பேட்டரியே விடியவிடிய ஓட்டும்.

இங்கிருந்து மேலே போனால் 1877-இல் கட்டிய பத்துக் கரிச்சூளைகள், 25 அடி உயரத் தேன்கூடுகள்போல வரிசையாக நிற்கின்றன. கடைசிச் சில கிலோமீட்டர் மண்சாலை என்பதால் டிரெய்லரை வைல்ட்ரோஸிலேயே கழற்றி விட்டுவிட்டுப் போவது வழக்கம். திரும்பி வரும்போது விசிறி ஓடிக்கொண்டிருக்கும். ஆகஸ்டிலும் பின்னிரவில் ஒரு மெல்லிய போர்வை தேவைப்படலாம்.